பாட்டுக் கேட்கக் கடன் வாங்காதீர்!



சென்ற வாரம் பழைய நண்பர் ஒருவர் இல்லம் வந்திருந்தார். அவரும் என்னைப் போலத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்; என்னைப் போலவே இசைப்பித்தர். கூடத்தில் காலடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முன்பு அங்கே மார்பளவு உயரத்தில் இரண்டு ஒலிபெருக்கிகளும், அவற்றுக்கிடையே இரும்பு அடுக்கில் நான்கைந்து கருவிகளும் நின்றிருந்தன. இப்போது ஒரு மர மேசைமேல் தடித்த அகராதி அளவில் இரண்டு பெட்டிகள் மட்டுமே இருந்தன.

“என்ன சார், எல்லாத்தையும் வித்துட்டீங்களா? ஏதும் பணப் பிரச்சினையா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“பணப் பிரச்சினைதான். வித்த பிறகுதான் தீர்ந்தது,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்போல் சற்று நேரம் அமர்ந்திருந்தார். பிறகு தேநீர் அருந்தியபடியே, தாம் 25,000 ரிங்கிட்டுக்குப் புதிய ஒலித்தொகுதி ஒன்று வாங்கப் போவதாகவும், அதற்கான கடன் படிவத்தை நிரப்பி வைத்திருப்பதாகவும் சொன்னார். “நல்ல பாட்டை நல்லா கேக்கணும்னா நல்ல செட்டு வேணும். நீங்கதானே சார் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தீங்க?” என்றார்.

உண்மைதான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தவறாக நடத்திய பாடத்தைத் திருத்தி நடத்துவது ஆசிரியனின் கடமை. அதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலிக்கருவிக்கு ஒரு குறைந்தபட்சத் தரம் வேண்டும். அத்தரம் இன்று ஓர் ஆசிரியரின் ஒரு வாரச் சம்பளத்துக்குள் கிடைக்கிறது. அதற்கு மேல் நாம் கொட்டும் பணத்தில் மிகச் சிறிய பங்கே பாட்டுக்குப் போகிறது. எஞ்சியது நம் பெருமைக்குப் போகிறது. அந்தப் பெருமைக்குக் கடன் வாங்குவது அறிவீனம். இதை நான் நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 21,600 ரிங்கிட் கட்டித் தெரிந்துகொண்டேன்.

2014-ஆம் ஆண்டு 18,000 ரிங்கிட் கடன் எடுத்தேன். மாதம் 360 ரிங்கிட் வீதம் அறுபது மாதங்கள் சம்பளத்தில் பிடித்தார்கள். ஆம்ப்ளிஃபையர், தரையில் நிற்கும் பெரிய ஒலிபெருக்கிகள், குறுவட்டு இயக்கி, இசைத்தட்டுச் சுழலி எல்லாம் வந்து இறங்கின. கடைக்காரர் மிகவும் மரியாதையானவர். ஒவ்வொரு முறை போகும்போதும், “இது போதும் சார், ஆனா இன்னும் ஒரே ஒரு படி ஏறினா வேற உலகம்,” என்பார். அந்தப் படிகளுக்கு முடிவே இல்லை என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

அந்த ஆண்டுகளில் நான் பாட்டா கேட்டேன்? இல்லை அன்பர்களே. கருவியைக் கேட்டேன். ஒரு பாடலின் முதல் சரணம் முடிவதற்குள் எழுந்து போய் ஒலிபெருக்கியை அரை அங்குலம் திருப்புவேன். ‘மிருதங்கத்தின் தொப்பி இன்னும் இறுக்கமாக ஒலிக்க வேண்டுமே’ என்று ஏங்குவேன். பாடியவர் எந்தத் துயரத்தைப் பாடினார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்கினார் என்று சொல்வேன். கேட்ட பாடல்களின் எண்ணிக்கையும் சுருங்கிவிட்டது. ‘நன்றாக ஒலிக்கும்’ பத்துப் பன்னிரண்டு குறுவட்டுகளையே திரும்பத் திரும்பச் சுழலவிட்டேன். நான் உயிராய் நினைத்திருந்த பழைய திரைப்பாடல்களைக் கைவிட்டேன். ஏன் தெரியுமா? அவை அந்தக் கருவியில் ‘மோசமாக’ ஒலித்தன! நாற்பது ஆண்டுகள் நேசித்த பாடல்களை ஓர் இயந்திரத்தின் சொல்கேட்டு ஒதுக்கிய மூடன் நான்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் செய்தேன். என் தாயார் தோட்டத்தில் வாழ்ந்த காலத்திலிருந்து காலை வானொலி கேட்டுப் பழகியவர். அடுப்படியில் அவருக்கென்று ஒரு சிறிய வானொலிப் பெட்டி இருந்தது. அதன் கரகரப்பு என் ‘தூய ஒலி’க்கு இடையூறு என்று சொல்லி அதை அப்புறப்படுத்தினேன். “கூடத்தில் பெரிய செட்டு இருக்கிறதே, அதில் கேளுங்கள் அம்மா,” என்றேன். மூன்று தொலைக்கட்டுப்பாட்டுக் கருவிகளையும் காட்டி விளக்கினேன். “எனக்கு எதுக்குப்பா அது? எதையாவது அமுக்கி நான் கெடுத்துடுவேன்,” என்றார். அதன்பின் ஏழு ஆண்டுகள் அவர் எதையும் கேட்கவில்லை. பாட்டுக்காகக் கடன் வாங்கிய வீட்டில், பாட்டை உண்மையாக நேசித்த ஒருவரின் காதுக்குப் பாட்டு எட்டாமல் போனது. இது எனக்கு அப்போது உறைக்கவும் இல்லை.

ஒன்பது வயது மகள் வயலின் கற்க வேண்டும் என்று கேட்டாள். தொடக்கநிலை வயலின் ஒன்று 800 ரிங்கிட். “அடுத்த ஆண்டு பார்க்கலாம்மா,” என்றேன். அதே மாதத்தில் 900 ரிங்கிட் கொடுத்து ஒலிபெருக்கிக்கு ஒரு சோடி கேபிள் வாங்கினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

இனி அந்தக் கேபிளின் கணக்கைப் பார்ப்போம். மின்பொருள் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.007 ஓம் மின்தடை. ஒலிபெருக்கி மூன்று மீட்டர் தொலைவில் இருந்தால், போக வர ஆறு மீட்டர். மொத்தத் தடை 0.04 ஓம். ஒலிபெருக்கியின் தடையோ 8 ஓம். இருநூற்றில் ஒரு பங்கு! இந்த இருநூற்றில் ஒரு பங்கைக் குறைப்பதற்காகத்தான் ஒரு குழந்தையின் வயலினை விலையாகக் கொடுத்தேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தோம். பொழுது போகாத ஒரு நாள் மகளே ஒரு சோதனையைச் சொன்னாள். நான் திரையைப் பார்த்து அமர வேண்டும்; அவள் திரைக்குப் பின்னால் நின்று, 900 ரிங்கிட் கேபிளையோ சாதாரணக் கம்பியையோ தன் விருப்பம்போல் மாற்றி மாற்றிப் பொருத்துவாள்; எது எது என்று நான் சொல்ல வேண்டும். இருபது முறை நடத்தினோம். பதினொரு முறை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ அதே மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். “அப்பா, இதுக்கு வயலினே வாங்கியிருக்கலாம்,” என்றாள் மகள். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை; கணக்கை முடித்த மாணவி விடையைப் படிப்பதுபோல் சொன்னாள்.

“உங்கள் காது பழகாத காது” என்று சிலர் சொல்லக்கூடும். சரி, பழகிய காதுகளையே பார்ப்போம். 2007-இல் அமெரிக்காவின் ஒலிப் பொறியியல் சங்க ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. உயர்நுட்ப வட்டுகளின் ஒலியையும், அதே ஒலியைச் சாதாரணக் குறுவட்டின் தரத்துக்குக் குறைத்ததையும், எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். ஒலிப்பதிவுத் துறையினரும் இசை ஆர்வலர்களும் கேட்டார்கள். 554 முறை நடந்த சோதனையில் சரியான விடைகள் ஏறத்தாழப் பாதி. அதாவது, நாணயம் சுண்டிய கதைதான். நேர்மைக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016-இல் அதே இதழில் பதினெட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று, வேறுபாட்டைக் காதால் உணர முடிகிறது என்று முடிவு கூறியது. எவ்வளவு? நூற்றுக்கு ஐம்பதுக்குப் பதிலாக ஏறத்தாழ ஐம்பத்திரண்டு! பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் கணிசமாகக் கூடுதல். அந்த இரண்டு மதிப்பெண்ணுக்காகக் கடன் வாங்குவீர்களா என்பதே என் கேள்வி.

ஏன் இப்படி? 1982-இல் விற்பனைக்கு வந்த குறுவட்டே நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிகிறது. அதனால் ஏறத்தாழ 22,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை அதில் அடக்க முடியும். நல்ல செவியின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அந்த எல்லை இறங்கிக்கொண்டே வரும். என்னைப் போல் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு அது மேலும் குறுகியிருக்கும். கேட்கும் திறன் குறையத் தொடங்கும் வயதில்தான் நமக்கு விலையுயர்ந்த கருவி வாங்கும் வசதி வருகிறது. இதைக் கண்டு சிரிப்பதா அழுவதா?

அடுத்து, ‘வாட்’ மயக்கம். “நூறு வாட் சார், இருநூறு வாட் சார்” என்று விற்பார்கள். மின்திறனை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்கு உரத்து ஒலிப்பதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். அதற்கு மின்திறன் பத்து மடங்காக வேண்டும். ஆகவே ஐம்பது வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் உள்ள வேறுபாடு, விலையில் தெரிகிற அளவுக்குக் காதில் தெரியாது. சாதாரண ஒலிபெருக்கி ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 85 டெசிபல் அளவில் ஒலிக்கும். நாம் உரையாடும் குரலே 60 டெசிபல்தான். வரிசை வீட்டில் வாழ்கிறவர்கள் நாம். பக்கத்து வீட்டாருடன் பல ஆண்டுகள் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள். இருநூறு வாட்டை என்ன செய்யப் போகிறோம்?

நம் வீடுகளின் அமைப்பையும் எண்ணிப் பாருங்கள். தரையெல்லாம் பளிங்குக் கல். சுவரெல்லாம் சிமெண்டு. வெப்பத்துக்குச் சன்னலைத் திறந்து வைக்கிறோம். தலைக்குமேல் மின்விசிறி சுழல்கிறது. வாசலில் மோட்டார் சைக்கிள்கள் போகின்றன. மாலையானால் மழை இரைகிறது. இந்த இரைச்சலுக்கு நடுவே, நிசப்தமான அறையில் மட்டுமே கேட்கக்கூடிய ‘நுண்ணிய ஒலிகளை’ விலைகொடுத்து வாங்குகிறோம். மேலும் 50 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். நம் வீட்டுக் கூடத்தின் அகலம் 20 அடி, அதாவது 6 மீட்டர். அலை அறைக்குள் முட்டி மோதித் திரும்புகிறது. சில சுரங்கள் வீங்கி ஒலிக்கின்றன. சில சுரங்கள் காணாமற்போகின்றன. அந்தச் சிறிய கூடத்தில் மார்பளவு ஒலிபெருக்கியை நிறுத்துவது, நாற்பது மாணவர் வகுப்பறையில் விளையாட்டுத்திடல் ஒலிபெருக்கியைக் கட்டிப் பாடம் நடத்துவது போலாகும்.

சிறியது தாழ்ந்தது என்று எண்ண வேண்டா. 1970-களின் தொடக்கத்தில் பி.பி.சி. நிறுவனம் தன் ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைத்து ஒலியைச் சரிபார்க்க, ஓரடி உயரமே கொண்ட எல்.எஸ்.3/5ஏ என்னும் சிறிய ஒலிபெருக்கியை உருவாக்கியது. மனிதக் குரலை மெய்யாக ஒலிப்பதில் அது இன்றளவும் பெயர் பெற்றது. யமஹா நிறுவனம் 1978-இல் வீட்டுக்கென வெளியிட்ட என்.எஸ்.-10 என்னும் சிறிய ஒலிபெருக்கி, பின்னர் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பிடித்தது. 2001-இல் அதன் தயாரிப்பு நின்ற பிறகும் பொறியாளர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். அதில் சரியாக ஒலித்தால் எந்த வீட்டிலும் சரியாக ஒலிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பாட்டை உருவாக்குபவர்களே சிறிய பெட்டியில் கேட்டு முடிவு செய்திருக்கும்போது, கேட்பவர்களாகிய நமக்கு மட்டும் பூதாகரமான பெட்டி எதற்கு?

நம் பாடல்களின் வரலாறும் இதையே சொல்கிறது. ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடல்கள் ஒற்றைத்தட ஒலியில் பதிவானவை. சிங்கப்பூரில் படமாக்கப்பட்ட ‘பிரியா’ 1978-இல் வந்தபோது, அதன் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானதே பெரும் செய்தியாக இருந்தது. அதற்கு முன் நம் தந்தையர் எதில் கேட்டார்கள்? 1944-இல் ‘ஹரிதாஸ்’ வந்த காலத்தில், பக்கத்துக்கு மூன்று நிமிடம் மட்டுமே ஓடும் 78 சுற்று இசைத்தட்டில் கேட்டார்கள். கேட்டு உருகினார்கள். என் தந்தையார் அதிகாலை பிரட்டுக்குப் போய், பால்மரம் சீவி, வெயில் ஏறித் திரும்பும் தொழிலாளி. அவரிடம் ஒரு டிரான்சிஸ்டர் வானொலி இருந்தது. மாலையில் அதை வாசல் திண்ணையில் வைப்பார். லயத்தில் இருந்த ஆறேழு குடும்பங்களும் அந்த உள்ளங்கை அளவு ஒலிபெருக்கியைச் சுற்றி அமர்ந்து கேட்டன. அங்கே எவரும் மிருதங்கத்தின் தொப்பியைப் பற்றிக் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. பாட்டு முடிந்த பிறகு சிறிது நேரம் எவரும் பேசாமல் இருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இவ்வளவும் சொன்னதால், எதில் கேட்டாலும் ஒன்றுதான் என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் தம்புராவே கேட்காது. அதிரடி ஓசைக்கென்றே செய்த பிளாஸ்டிக் பெட்டிகள் பாடகரின் குரலை விழுங்கிவிடும். அதனால்தான் தொடக்கத்திலேயே குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்றேன். வசதி படைத்தவர் தம் கைப்பணத்தில் வாங்கி மகிழ்ந்தால் அதிலும் எனக்கு மறுப்பில்லை. ஒருவருக்குக் கார், ஒருவருக்குக் கடிகாரம், ஒருவருக்கு இது. நான் எதிர்ப்பது, ‘இவ்வளவு செலவழிக்காதவன் இசையை உண்மையில் கேட்கவில்லை’ என்னும் ஆணவத்தை. அந்த ஆணவத்தை நம்பிச் சம்பளக்காரர்கள் கடனில் விழுவதை. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டாமா?

கடன் 2019-இல் தீர்ந்தது. 2021-இல் எல்லாவற்றையும் விற்றேன். கிடைத்தது 5,200 ரிங்கிட். அதில் மகளுக்கு வயலின் வாங்கினேன். ஒன்பது வயதில் தொடங்க வேண்டியவள் பதினாறு வயதில் தொடங்கினாள். அந்த ஏழு ஆண்டுகளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 700 ரிங்கிட்டுக்கு இந்த இரண்டு பெட்டிகளை வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஐந்து அங்குல ஒலிக்கூம்பு ஒன்று. அதன்மேல் உச்ச ஒலிக்கென ஒரு சிறு கூம்பு. ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறது. முன்பக்கம் ஒரே ஒரு திருகு.

அவற்றைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, காதின் உயரத்துக்கு வைத்தேன். இரண்டு பெட்டிகளும் நான் அமரும் இருக்கையும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைந்தன. எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி. தரையில் ஒரு கம்பளம். சன்னலில் தடித்த திரைச்சீலை. செலவு சொற்பம். ஆனால், முன்னாளில் மாற்றிய எந்தக் கருவியும் தராத மாற்றத்தை இவை தந்தன. கூடத்தில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஓசை ‘டங்’ என்று எதிரொலித்தால், நீங்கள் மாற்ற வேண்டியது கருவியை அன்று, அறையை.

இறுதியாக என் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். சார், படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டுக்கு வாருங்கள். உங்களுக்குப் பிடித்த பாடல்கள் ஐந்தைக் கொண்டு வாருங்கள். உங்கள் கேபிளையும் கொண்டு வாருங்கள். கடையில் கருவிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே ஒலி அளவில் இருந்தனவா என்று கேட்டீர்களா? சற்றே உரக்க ஒலிப்பதுதான் எப்போதும் ‘தெளிவாக’ ஒலிப்பதாகத் தோன்றும். இங்கே அளவைச் சமமாக்கிவிட்டுக் கேட்போம். திரைக்குப் பின்னால் என் மகள் நிற்பாள். இருபதுக்குப் பதினெட்டு எடுத்தீர்களானால், உங்கள் கடனுக்கு நானே உத்தரவாதக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் சற்று முன்கூட்டியே, ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். அந்நேரத்தில் பெட்டி என் தாயாருடையது. எண்பத்தொரு வயதில் தாமே எழுந்து வந்து, அந்த ஒற்றைத் திருகைத் திருகி, காலை வானொலி கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கேட்டு முடித்த பிறகுதான் நமக்கு முறை வரும்.